அரிசி இழுக்கும் செம்பு

(தென்காசியில் நடைபெற்ற வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இரிடியச் செம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெள்ளி விழாவில் பேசுவதற்கு இதுவா பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். நம் தெருத் தம்பி ஒருவன், தந்தை விட்டுச்சென்ற அரை ஏக்கர் நிலத்தை விற்று அந்தச் செம்புக்கு முன்பணம் கொடுத்தான். அவன் பட்டம் பெற்றவன். நம் இரவுப் பள்ளியில் படித்தவன். ஆகவே இது நம் பொருள்தான்.

குற்றாலத்தில் சாரல் காலம். ஒரு விடுதி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அச்செம்பைக் காட்டினார்கள். கோபுரக் கலசத்தில் இடி விழுந்து செம்பு இரிடியமாக மாறிவிட்டதாம். 1768இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதைச் சோதித்து முத்திரையிட்டார்களாம். அரிசியைத் தானே இழுக்குமாம். அவன் கண்ணெதிரே இழுக்கவும் செய்தது.

இரிடியம் என்னும் உலோகம் உண்டு. அதன் விலையும் மிகுதியே. ஆனால் ஸ்மித்சன் டென்னன்ட் என்னும் ஆங்கில வேதியியலார் அதைக் கண்டறிந்தது 1803ஆம் ஆண்டில். 35 ஆண்டுகளுக்கு முன்னரே அதைச் சோதித்துவிட்ட கம்பெனியாரின் திறமையை மெச்ச வேண்டும்! செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான்கள்; இரிடியத்தில் 77. இடி செம்பை உருக்கலாம். 29ஐ 77 ஆக்க முடியாது. அரிசியை இழுக்கும் குணமும் இரிடியத்துக்குக் கிடையாது. இத்தகைய மோசடிகளின் சூட்சுமம் எளிது: அரிசியில் இரும்புத்தூள், செம்புக்குள் காந்தம்.

"உன் வீட்டு அரிசியைப் போட்டுப் பார்த்தாயா?" என்று பின்னொரு நாள் அவனைக் கேட்டேன்.

"போடுகிறேன் என்றுதான் சொன்னேன் அண்ணே. தீட்டுப்பட்ட கையால் தொட்டால் சக்தி போய்விடும் என்றார்கள்" என்றான்.

அந்த ஒரு சொல்லில் அவன் கை பின்வாங்கிவிட்டது. எந்தச் சொல்லால் நம் பாட்டனார்களைக் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் நிறுத்தினார்களோ, அதே சொல் அவன் நிலத்தையும் கொண்டுபோயிற்று. சோதனை வேண்டாம் என்பதற்குத் தீட்டு, தோஷம், இரகசியம் என்று ஏதேனுமொரு காரணம் சொல்பவனிடம் அறிவியல் இல்லை. என்ன நேர்ந்தால் தன் கூற்று பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்று விலகி நிற்பதே அறிவியலின் வழக்கம்.

மெய்யான பழம்பொருள் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூருக்கு அருகே உள்ள சிவகளையில், முதுமக்கள் தாழியொன்றில் நெல் கிடைத்தது. எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதனுடன் கிடைத்தது என்று குறித்து, அதன் பிறகே அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். கி.மு. 1155 என்ற காலக்கணிப்பு 2021இல் வெளியிடப்பட்டது. அரிசியை இழுக்காத அந்தத் தாழியின் நெல் சுமார் 3200 ஆண்டுக் கதை சொல்கிறது! நெல் ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருள். ஆகையால் கரிமக் கணிப்பு பொருந்தும். வெறும் செம்புக்கும் கல்லுக்கும் கரிமக் கணிப்பு செய்த சான்றிதழை எவரேனும் நீட்டினால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், கொச்சியில் பழம்பொருள் வணிகர் என்று உலவிய ஒருவர் 2021இல் கைதானார். திப்பு சுல்தானின் அரியணை என்று அவர் வைத்திருந்த நாற்காலியில் உயர் காவல் அதிகாரியே அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்த செப்பேடு ஒன்று, சபரிமலைச் சடங்குகளில் ஈழவக் குடும்பமொன்றுக்கு இருந்த பழைய உரிமையைச் சொல்வதாகப் பேசப்பட்டது. ஒதுக்கப்பட்டோர் பக்கம் பேசிய செப்பேடு! நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். அதுவும் போலி என்று தொல்லியல் துறை கண்டது.

நம் முன்னோர் அரசாண்டனர் என்று ஒரு செப்பேட்டை நம்மிடமும் ஒருநாள் கொண்டுவருவார்கள். அன்றும் எங்கே, யார் முன்னிலையில் எடுத்தது, எழுத்தின் வடிவம் அக்காலத்ததா என்று கேளுங்கள். சிவகளைத் தாழி எந்தச் சாதியாருடையது என்று சொல்லவும் வழியில்லை. மனிதராய் நிற்கும் உரிமைக்கு நமக்குச் செப்பேட்டுச் சான்று தேவையில்லை என்றே நான் கருதுகிறேன்.

வயலிலோ வாய்க்காலிலோ மெய்யாகவே ஏதேனும் கிடைத்தால், எடுத்துக் கழுவாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, வட்டாட்சியருக்குத் தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் உள்ள சட்டம்.

மேடையில் ஒரு தராசும், ஒரு வாளித் தண்ணீரும், நூலும் வைத்திருக்கிறேன். இது என் வீட்டுச் செம்பு. எடை 900 கிராம். நூலில் கட்டி, உள்ளே காற்று நிற்காதபடி நீரில் முழுவதும் அமிழ்த்தி நிறுத்தால், செம்பாயின் ஏறத்தாழ 100 கிராம் எடை குறையும். இரிடியமாயின் 40 கிராம்தான் குறையும். அந்தத் தம்பியும் இங்கே வந்திருக்கிறான். தராசை அவனே பிடிக்கட்டும். மற்றவர்கள் அருகே வந்து பாருங்கள்.