ஒன்பதுக்கு மேல், பத்தரைக்குள்!

நடுவர் அவர்களே, எதிரணியின் ஆற்றல்மிகு பேச்சாளர்களே, வேலை முடித்த களைப்போடும் தமிழ் கேட்க வந்திருக்கும் திருவொற்றியூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

"கல்யாண நாள் நிம்மதியாக நடக்கப் பெரிதும் உதவுவது திட்டமிடலா, சொந்தபந்தமா?" இதுதான் கேள்வி. எனக்கு முன்னாலே பேசிய சகோதரி, "நாலு சொந்தம் கூடிட்டா எல்லாம் தானா நடக்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. உண்மைதான் அம்மா. திட்டம் இல்லேன்னா சண்டை தானா நடக்கும்! (சிரிப்பு)

உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்க. "ஞாயிற்றுக்கிழமை காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்." சரியா ஒன்பதே கால்னு யாராவது அச்சடிச்சிருக்காங்களா? இல்லை. பகல் பொழுதை எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு 90 நிமிஷம். ராகுகாலம், எமகண்டம் தள்ளி, மிச்சத்திலே ஒரு பங்கைக் கல்யாணத்துக்குக் கொடுத்திருக்காங்க. காரணம் ஜோசியமா இருக்கட்டும். பலன் என்ன? முன்னே பின்னே ஆக 90 நிமிஷம் இடம் இருக்கு. அந்த இடத்தை நாமதான் அடைச்சுடறோம்.

இதே திருவொற்றியூரிலே நடந்த ஒரு கல்யாணத்தைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்திலே சொல்றார். சங்கிலியாரை மணக்க வந்த சுந்தரர், "உன்னைப் பிரியேன்"னு சத்தியம் பண்ணணும். அவர் என்ன திட்டம் போட்டார்? சத்தியம் சந்நிதியிலே, அந்த நேரம் மட்டும், "பெருமானே, நீங்க மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க." கச்சிதமான திட்டம்! பெருமானோ சங்கிலியார் கனவிலே போய் விஷயத்தைச் சொல்லிட்டார். மறுநாள் தோழியர் வந்து, "சந்நிதி வேண்டாம், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் பண்ணுங்க"ன்னுட்டாங்க! (சிரிப்பு, கைதட்டல்) மாசித் திருவிழாவிலே மகிழடி சேவைன்னு நீங்க கும்பிடுறது அதைத்தான். தம்பிரான் தோழருக்கே கடைசி நேரத்திலே இடம் மாறினா, நமக்கு மாறாதா? மாறும். அதனாலே, மாறுதலுக்கு இடம் விட்டுப் போடுறதுதான் திட்டம்.

அதிலும் இந்த வட்டாரத்துக் கல்யாணத்துக்கு மூணாவது சம்பந்தி ஒருத்தர் உண்டு. கன்டெய்னர் லாரி! (பலத்த சிரிப்பு) துறைமுகத்துக்குப் போக அவர் எண்ணூர் விரைவுச் சாலையிலே வரிசை கட்டிட்டா, மாப்பிள்ளை காரும் அவருக்குப் பின்னாலேதான். ஞாயிறு காலையா? காசிமேட்டிலே மீன் வாங்க ஊரே கூடும். ராயபுரத்திலேருந்து இங்கே வர அரை மணின்னு எழுதாதீங்க. ஒண்ணரை மணின்னு எழுதுங்க. 2021-லே விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வந்தாச்சு. எந்த ஸ்டேஷன்லே இறங்கணும்னு பத்திரிகையிலேயே போட்டுடுங்க.

சரி, திட்டம் எப்படிப் போடறது? தாலி கட்டுற நேரத்திலேருந்து பின்னோக்கி வாங்க. பத்தரைக்கு வெச்சுக்காதீங்க, 9.45-க்கு வெச்சுக்கோங்க. மிச்சம் 45 நிமிஷம் கையிலே இருக்கும். கூறைப்புடவை வாங்கி, கட்டி வர அரை மணி, 9.10-க்குப் புடவைத் தட்டு பெண் கைக்கு வரணும். மாப்பிள்ளை 8.45-க்கு மணவறையிலே. பெண்ணுக்குத் தலைப்பின்னல், பூ, அலங்காரம் ரெண்டு மணி நேரம். அப்போ ஆறு மணிக்கு ஆரம்பம். எட்டு மணிக்கு, "மணப்பெண்ணுக்கு டிபன்"னு தனி வரியா எழுதுங்க. எண்ணூறு பேர் சாப்பிட்டாங்களான்னு விசாரிப்போம். யாருக்காகக் கல்யாணமோ, அந்தப் பொண்ணு வெறும் வயித்தோட ஹோமப் புகையிலே உட்கார்ந்திருக்கும்!

பந்திக்கும் கணக்கு உண்டு. எண்ணூறு பேர், இருநூறு இலைன்னா நாலு பந்தி. இலை போட்டு, பரிமாறி, துடைக்க 40 நிமிஷம்னா ரெண்டு மணி நாற்பது நிமிஷம். பத்து மணிக்குத் தொடங்கினா கடைசி இலை எடுக்க 12.40. அதுக்கு முன்னே சமையல்காரரைத் திட்டாதீங்க.

சொந்தம் வேண்டாம்னு நான் சொல்லலை. ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு ஆள்; அதுதான் திட்டம். மாலைக்குப் பெரிய மாமா, பந்திக்குச் சித்தப்பா. கோபிச்சுக்கிற அத்தையைச் சமாதானப்படுத்த ஒரு அண்ணி, அதுக்குத் தனியா பத்து நிமிஷம்! (சிரிப்பு)

கடைசியா ஒண்ணு. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கெட்டிமேளம் கொட்டுது, அட்சதை விழுது. பெண்ணோட அப்பாவைக் காணோம். தேடினா, மண்டப வாசல்லே நிக்கிறார். வராத தண்ணி வண்டிக்குப் போன் பண்ணிக்கிட்டு. இருபத்தஞ்சு வருஷம் வளர்த்த பொண்ணு கழுத்திலே தாலி ஏறினதை அவர் வீடியோவிலேதான் பார்த்தார். (அமைதி) உள்ளே முந்நூறு சொந்தம் இருந்தது, நடுவர் அவர்களே! "மாமா, நீங்க உள்ளே போங்க, தண்ணி வண்டியை நான் பார்த்துக்கிறேன்"னு சொல்ல ஒரு ஆளை யாரும் நியமிக்கலை.

ஆகவே, ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் பெத்தவங்களுக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது, கண்ணாலே பார்க்கிறதைத் தவிர! அதைத் தருவது திட்டமிடலே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)