சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்

(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வேலை இடத்தில் ஏற்படும் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். இந்த விஷயத்தில் ஒரு தவறு செய்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மேற்பார்வையில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். கெட்டிக்காரர். எதைக் கொடுத்தாலும் மறுக்க மாட்டார். ஆகவே எல்லா வேலையும் அவரிடமே போய்ச் சேர்ந்தது. ஒருநாள் மாலை என் மேசை அருகே வந்து நின்று, "அண்ணே, ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது" என்றார். நான் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பொறுத்துக்கப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். ஆறு வாரத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு ஒருமுறை சந்தித்தபோது, "அதைச் சொல்றதுக்கு மூணு நாளா தைரியம் சேர்த்தேண்ணே" என்றார். இன்றும் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

மன அழுத்தம் என்பது கோழைத்தனம் ஆகாது. நெருக்கடி வரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் இதயத் துடிப்பைக் கூட்டி, உடலை ஆயத்தம் செய்கின்றன. நெருக்கடி தீர்ந்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு இடைவெளியே கொடுக்காவிட்டால் தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, எரிச்சல் வீட்டுக்குள்ளும் வருகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மேல் கசப்பு, திறமை குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் ஆலயத்திலிருந்து தேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் வரை காவடி வருவதை நாம் பார்க்கிறோம். காவடி எடுப்பவர் தனியாக நடப்பதில்லை. உற்றார் உடன் வருகிறார்கள்; ஒருவர் கையில் தண்ணீர், இன்னொருவர் கையில் உட்கார நாற்காலி. சற்று உட்கார்ந்து எழுந்ததால் நேர்த்திக்கடன் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல்லை வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றியே சுமையை அதில் இறக்கி இளைப்பாறிவிட்டு, மறுபடி தாமே ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கம் இருந்தது. சுமையை இறக்காமலே போனவளின் பெயரால், மற்றவர்கள் இறக்கி வைக்க ஓர் இடம்! அதை அறமாகவே நம் முன்னோர் செய்தார்கள்.

அன்பர்களே, உங்கள் நாளிலும் அப்படி ஓர் இடம் இருக்கட்டும். வீடு திரும்பியதும் கைப்பேசியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சந்நிதியில் கால்மணி நேரம் சும்மா உட்காருங்கள். தூக்கத்தைக் கடன் கொடுக்காதீர்கள். மனத்தில் உள்ளதை ஒருவரிடமாவது சொல்லுங்கள். தாங்க முடியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இறைவனை நம்புகிறவர் உதவி கேட்கக் கூடாது என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

மேலதிகாரிகளாக, முதலாளிகளாக இருப்போருக்கும் ஒரு வார்த்தை. ஏற்றிய சுமை அளவுக்கு மீறியதானால் சுமைதாங்கி மட்டும் போதாது. ஏற்றியவரே குறைக்க வேண்டும். வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்புகளுக்குத் தெளிவான வரம்பு வகுக்கும்படி 2020இல் வெளியான முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பும் முதலாளிகளை ஊக்குவிக்கிறது. அதற்கும் முன்னதாக ஒன்று உண்டு: ஒருவர் உங்கள் மேசை அருகே வந்து நின்றால், நிமிர்ந்து பாருங்கள். நான் பார்க்கத் தவறினேன்.

நீங்கள் மனமுவந்து தந்த நன்கொடையால் எழுந்த இந்த மண்டபமும் ஒரு சுமைதாங்கிதான். இங்கே அன்னதானப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரை, சாப்பிட்டு முடிப்பதற்குள், "எப்படி இருக்கீங்க?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.