ஹெரால்டுக்கு எந்த டயர்?

படூர்ல என் வீட்டு வாசல்ல நிக்கிற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நம்ம வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் பிறந்த வண்டிதான். பழைய டயர் அளவு 5.20-13. அதாவது அகலம் 5.20 அங்குலம், ரிம் 13 அங்குலம்.

ரேடியலுக்குக் கணக்குப் போட்டேன். 155/80 ஆர்13னா, 155 மி.மீ. அகலத்துல 80 சதவீதம் பக்கச்சுவர், 124. மேலும் கீழும் சேர்த்து 248, ரிம் 330, மொத்தம் 578. 175/70 போட்டாலும் 575 வருது! உயரம் சரிதானே, அகலமா இருந்தா கம்பீரமா இருக்குமேன்னு அதையே மாட்டினேன்.

அங்கேதான் தப்பு. ஹெரால்டோட முன்சக்கரம் மத்த காரைவிட ரொம்பவே திரும்பும், 25 அடி வட்டத்துக்குள்ள. ஓ.எம்.ஆர். யூ டர்ன்ல முழுசா ஒடிச்சு ஒடிச்சு, டயர் உள்பக்கம் உரசி நூல் தெரிஞ்சுது. பின்சீட்ல என் பொண்ணு.

இப்போ 155தான். மாட்டினதும் ஜாக்கை இறக்கி, ஆள் ஏத்தி, ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பாருங்க.