கடனும் கணக்கும்

2011இல் தானே புயலும் 2015இல் பெருவெள்ளமும் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் விளைவித்த சேதத்தை நாம் அறிவோம். வெள்ளாமை கெட்டால் தவணை தவறுகிறது. அபராதக் கட்டணம் ஏறுகிறது. வசூலிப்போர் வாயிலில் நிற்கின்றனர். ஊரார்முன் நாணி, கணக்குப் பாராமலே நகையை விற்றுச் செலுத்துதல் நன்றன்று. கடனைத் தீர்ப்பது நம் கடமை; கணக்குக் கேட்பது நம் உரிமை.

அபராதக் கட்டணத்தின்மேல் வட்டி கணக்கிடலாகாதென ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டது. வசூலுக்கு வருவோரிடம் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் கேட்போம். ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்தி, ஐயமுள்ளதை எழுத்து மூலம் வங்கிக்குத் தெரிவித்து, ஒப்புகை பெறுவோம். 30 நாட்களில் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எழுதவியலாதோர்க்கு மனு எழுதித் தருவதைப் பஞ்சாயத்தார் தம் பணியாகக் கொள்வார்களாக!