குள்ளநரியும் கொறங்காடும்



காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டுவதில்லை. கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல், இவையே அவற்றின் லட்சணம். அங்கே வசிக்கும் குள்ளநரியைக் குறித்துச் சிறிது சொல்ல விரும்புகிறேன். ஊளையிடும் பெரிய நரி வேறு. இது வால்நுனி கறுத்து, 2 முதல் 3 கிலோ எடையுள்ள சிறு பிராணி.

மாசி, பங்குனியை ஒட்டி இது வளையில் 2 முதல் 4 குட்டிகள் வரை ஈனும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே இரை கொணரும். சிறு குட்டிகளை விட்டு நெடுந்தூரம் செல்லுதல் இயலாதாகலின், வயலெலி, வெட்டுக்கிளி, கறையான், இலந்தைப்பழம் ஆகியவை அருகே கிடைக்கும் திறந்த புல்வெளியையே நாடுகிறது. ஆந்திர தேசத்து ரோலபாடு புல்வெளியில் எலிகள் குன்றியபோது குள்ளநரிகளும் குன்றின என்பது ஆராய்ச்சியிற் கண்டது.

நிற்க. கோழியைப் பிடிக்கிறதே என்பீர்கள். சிலவேளை பிடிப்பதுண்டு, அது தின்று தீர்த்த எலிகளுக்கு எந்தப் பண்ணையிலும் கணக்கெழுதியதாக நான் அறியேன்.

பனியன் தொழில் நமக்குச் சோறிடுகிறது. அதனைக் குறைகூற வரவில்லை. ஆயினும் கொறங்காட்டை மனையாக்கினாலும், சீமைக்கருவேல் மூடும்படி விட்டாலும், இரையும் வளையும் ஒருங்கே போகும். எலிப்பாஷாணம் தின்ற எலி தாய்வாயில் அகப்பட்டால் குட்டிகளுக்கும் கேடு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இப்பிராணியைக் காக்கிறது.

ஆகவே காட்டை உழுமுன் ஆடு மேய்ப்பவரை விசாரியுங்கள். வளை எங்கேயென்று அவருக்குத் தெரியும். குட்டியுள்ள வளையைச் சித்திரை கழியும்வரை தோண்டாதீர்கள். அதன் பக்கத்தில் பாஷாணமும் வைக்காதீர்கள்.