மக்கள் காசில் கட்டிய மைதானத்தில் பந்தயக்காரனுக்கு என்ன வேலை?



ஒரே ஒரு கேள்வியோடு இந்த ஹட்டன் மேடையில் ஏறியிருக்கிறேன். மக்கள் காசில் கட்டிய மைதானத்தில் பந்தயக்காரனுக்கு என்ன வேலை?

"தோட்டத்து ஆள் எங்கே வரி கட்டுகிறான், மைதானம் அவன் காசு என்று சொல்ல?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்கிறேன். 2024 ஜனவரி முதல் இந்த நாட்டில் வற் வரி 18 சதவீதம். சவர்க்காரத்துக்கு வரி. பிஸ்கட்டுக்கு வரி. பிள்ளையின் போனுக்கு ரீலோட் போட்டால் அதற்கும் வரி. கேட்ட கிலோ கொழுந்து வரவில்லை என்று அரைப்பேர் போடப்பட்டு, அரைச் சம்பளம் வாங்கிய அம்மா, கடையில் அரை வரியா கட்டுகிறாள்? முழு வரி கட்டுகிறாள்! அந்தக் காசில்தான் அரசாங்கம் மைதானம் கட்டுகிறது. ஆகவே அந்த மைதானத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

நுவரெலியா குதிரைப் பந்தயத் திடல் 1875இல் வந்தது. காட்டை வெட்டியவன், ரோடு போட்டவன், மலையைத் தோட்டமாக்கியவன் நம் பாட்டன். அங்கே குதிரை ஓட்டிக் களித்தவர்கள் துரைமார். நானுஓயா ரதல்லையில் கிரிக்கெட் மைதானம் அமைத்ததும் துரைமாரின் கிளப்தான். நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது லயத்துக்கு முன்னால் இருக்கும் வாசல். பந்து பள்ளத்தில் உருண்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

1956இல் பண்டாரநாயக்க அரசாங்கம் வந்தது. கொழும்பில் குதிரைப் பந்தயம் நின்றது. 1893இல் திறந்த கொழும்புப் பந்தயத் திடல் இன்று ரக்பி மைதானமாகவும் கடைத்தொகுதியாகவும் இருக்கிறது. குதிரை நின்றது, சரி. பந்தயம் நின்றதா? இல்லை! இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கே புக்கி என்ற பந்தயக் கடையில், டிவிக்கு முன்னால் நின்று காசு கட்டுகிறார்கள். சம்பள நாளன்று அந்தக் கடை வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், தாய்மார்களே. நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பந்தயம் கிரிக்கெட்டுக்குள் நுழைந்திருக்கிறது. அது ஆடும் அரங்குகள் யார் காசில் வந்தன என்று முதலில் பாருங்கள். 2011 உலகக் கிண்ணத்துக்காகக் கிரிக்கெட் சபை பெருங்கடன் பட்டு அம்பாந்தோட்டையிலும் பல்லேகலையிலும் அரங்கு கட்டியது, பிரேமதாச அரங்கைப் புதுப்பித்தது. கடன் முற்றி, நாட்டுக்காக ஆடிய வீரர்களுக்கே அந்தச் சபையால் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியவில்லை. கைகொடுக்க அரசாங்கம்தான் வர வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் காசு என்றால் யாருடைய காசு? உங்களுடைய காசு!

அப்படிக் கட்டிய அரங்குகளில் நடந்தது என்ன? 2024 மே மாதம் லங்கா பிரீமியர் லீக் அணி ஒன்றின் உரிமையாளரை ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் பொலிஸார் கைது செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்லேகலையில் லங்கா டி10 தொடர் நடந்தபோது இன்னோர் அணியின் உரிமையாளர் கைதானார். குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது வேறு. 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தில் ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. இவ்வளவு கடுமையான சட்டம் இருக்கும்போதே துணிவு வருகிறது என்றால், அந்தத் துணிவைக் கொடுப்பது எது? ஆட்டத்தைச் சுற்றி ஓடும் பந்தயப் பணம்! ஒரு பக்கம் ஆட்டத்தை விற்பவனைப் பிடிக்கிறோம். மறுபக்கம் அதை விலைக்குக் கேட்கும் தொழிலின் பெயரை வீரனின் சட்டையில், நெஞ்சில் எழுத விடுகிறோம். இது என்ன நியாயம்?

பந்தயக் கடையின் பெயரை நேராகப் போட்டால் ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்று, அதே பெயரில் ஒரு செய்தித்தளம் நடத்துவதாகச் சொல்லி விளம்பரம் போடுகிறார்கள். நம் தம்பி அந்தப் பெயரைப் போனில் தேடுகிறான். மலையில் அட்டை கடிப்பதைப் போல, ஏறும்போது வலிக்காது. இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும்.

"வரி வருகிறதே" என்கிறார்கள். பந்தயத்தில் திரளும் பணத்துக்கு அரசாங்கம் வரி எடுக்கிறது, உண்மை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்காகத் தெருவில் நின்றோம், 2021இல்தான் கிடைத்தது. 1,350 ரூபாயைப் பார்க்க 2024 ஆகிவிட்டது. அப்படி வாங்கிய சம்பளம் ஒரே இரவில் போனில் கரைகிறது. அதில் ஒரு பங்கை வரியாக எடுத்து மைதானத்துக்கு வர்ணம் பூசினால் அதற்குப் பெயர் அபிவிருத்தியா?

"அந்தப் பணம் இல்லாவிட்டால் விளையாட்டு செத்துவிடும்" என்கிறார்கள். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா தடை செய்தது. அப்படிப்பட்ட விளையாட்டை நடத்தி, தேசிய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம்11 நிறுவனம் விலகியது. அடுத்த மாதம் அந்த அணி, சட்டையில் அனுசரணையாளர் பெயரே இல்லாமல் ஆசியக் கிண்ணத்தில் இறங்கியது. செத்தா போனார்கள்? கிண்ணத்தை வென்றார்கள்!

நம் நாட்டிலும் 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபைக்குச் சட்டம் வந்திருக்கிறது. பந்தயக்காரனுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மட்டும் அதன் வேலையாக இருக்கக் கூடாது. ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று: அரசாங்கக் காசில் கட்டிய, பராமரிக்கும் எந்த மைதானத்திலும், அங்கே ஆடும் எந்த அணியின் சட்டையிலும் பந்தய விளம்பரம் கூடாது, வேறு வேடத்திலும் கூடாது. இரண்டு: பந்தயத்திலிருந்து எடுக்கும் வரியில் ஒரு பங்கு, அந்தப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் சிகிச்சை கொடுக்கப் போக வேண்டும். மூன்று: நுவரெலியாத் திடல் போன்ற பொது நிலங்களில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் ஆட நேரம் ஒதுக்க வேண்டும்.

இந்த மூன்றையும் ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். நாளைக்கு ஓட்டுக் கேட்டு யார் தோட்டத்துக்கு வந்தாலும் இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு நம் லயத்து வாசலில் இடமில்லை.