கந்தல் துணியில் கால்மிதி



கரமனையில் மழை அதிகம். இடவப்பாதி ஓய்ந்தால் துலாவர்ஷம் வரும். ஈரத் தரையில் வயதானவர் வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும். வாசலில் கால்மிதி போட்டால் ஆபத்து குறையும். அதைக் கந்தல் துணியிலேயே செய்யலாம்.

பழைய பருத்திச் சேலை, வேட்டி எடுங்கள். நைலான் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது.

1. துணியைத் துவைத்துக் காயவையுங்கள்.
2. 2 அங்குல அகல நாடாக்களாகக் கிழியுங்கள். நுனியோடு நுனி சேர்த்துத் தையுங்கள்.
3. மூன்று நாடாக்களைச் சடை போலப் பின்னுங்கள்.
4. சடையைத் தரையில் வைத்து வட்டமாகச் சுற்றித் தையுங்கள். நூலை இறுக்கினால் கிண்ணம் போலக் குழியும். சற்றுத் தளர்வாகத் தையுங்கள்.

தரை வழவழப்பாக இருந்தால் கால்மிதியே நகரும். அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளைத் தையுங்கள்.

கந்தலுக்கும் மதிப்பு உண்டு. 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளர்களின் கைத்தறிச் சேலைகள் சேற்றில் பாழாயின. அவற்றிலிருந்து ‘சேக்குட்டி’ பொம்மைகள் பிறந்தன. ஒரு பொம்மை 25 ரூபாய்க்கு விற்றது.

நீங்களும் கால்மிதியை விற்கலாம். முதலில் சாலைக் கடைத்தெருவில் விலை விசாரியுங்கள். நூல் செலவு எவ்வளவு? எத்தனை மணி நேர உழைப்பு? இரண்டையும் நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். பிறகு விலை சொல்லுங்கள். கணக்கு உங்கள் கையெழுத்தில் இருந்தால் உழைப்பை யாரும் குறைத்து மதிக்க முடியாது.